மூன்று சி.டி. எடுத்தாயிற்று, நான்காவது தேவையா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 24. மூன்று வருஷமாகக் குரோன்ஸ் நோய் (குடலில் நாள்பட்ட அழற்சி). சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண் என்று கொலோனோஸ்கோப்பி செய்து சொன்னார்கள். நோய் எதிர்ப்பை அடக்கும் அசாத்தியோபிரின் மாத்திரை சாப்பிடுகிறான். இரண்டு மாதமாகச் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றி முறுக்கிக்கொண்டு வலிக்கிறது. பிறகு தானாக அடங்குகிறது. இரண்டு முறை வாந்தி. காய்ச்சல் இல்லை. எங்கள் ஊரில் எடுத்த அல்ட்ராசவுண்டில் 'நார்மல்' என்று வந்தது. ஒரு டாக்டர் சி.டி. எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் எம்.ஆர். என்டெரோகிராபி (திரவம் குடிக்க வைத்துச் சிறுகுடலைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ.) என்கிறார். ஏற்கெனவே மூன்று சி.டி. எடுத்தாயிற்று, கதிர்வீச்சை நினைத்தால் பயமாக இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் பாதி விடை 'சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில்' என்ற வரியிலேயே இருக்கிறது. சாப்பிட்டபின் முறுக்கிப் பிடித்து, கொஞ்ச நேரத்தில் தளர்ந்து, இடையில் வாந்தியும் வருகிற வலி என்றால் குடலில் ஓரிடம் குறுகியிருக்கிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குரோன்ஸ் குடல் சுவரின் முழுத் தடிமனையும் தாக்கும். புண் ஆறும் இடத்தில் தழும்பு விழும். வீக்கமும் தழும்பும் மாறி மாறி வந்தால் குடலின் உள்வழி பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கிவிடும். இட்லியும் ரசம் சாதமும் அதில் இறங்கிவிடும், கொய்யா விதையும் முருங்கைக்காய்ச் சக்கையும் இறங்காது. வலி வந்த நாட்களில் தம்பி என்ன சாப்பிட்டார் என்று எழுதி வையுங்கள், டாக்டருக்கு உதவும்.

அப்படியானால் ஸ்கேன் சொல்ல வேண்டியவை இவை: குறுகல் இருக்கிறதா, எத்தனை சென்டிமீட்டர் நீளம், வீக்கத்தாலா தழும்பாலா, அதற்கு முன்னால் குடல் ஊதியிருக்கிறதா, பக்கத்தில் சீழ் உண்டா. காய்ச்சல் இல்லாத, நடமாடுகிற, 24 வயதுக்காரருக்கு இதைக் கேட்க ஏற்றது எம்.ஆர். என்டெரோகிராபி. இரண்டாவது டாக்டர் சொன்னதுதான் என் கட்சியும். ஆனால் முதல் டாக்டர் தவறு என்று சொல்லமாட்டேன். சி.டி.தான் சரி என்கிற நாட்களும் உண்டு, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வலி விட்டு விட்டு வராமல் ஒரே பிடியாக நின்றுவிட்டால், குளிர் காய்ச்சல் வந்தால், வயிறு உப்பி வாயுவும் பிரியாமல் போனால், பச்சையாக வாந்தி எடுத்தால், சும்மா படுத்திருக்கும்போதே நாடி 100-ஐத் தாண்டினால், எம்.ஆர்.ஐ.க்கு நாள் குறித்துக் காத்திருக்கக் கூடாது. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே நிற்க வைத்து ஒரு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, பிறகு நரம்பில் கான்ட்ராஸ்ட் மருந்து (படத்தில் உறுப்புகளைப் பளிச்சென்று காட்டுவது) போட்டு சி.டி. படம் பிடிக்கச் சில விநாடிகள்தான் ஆகும். குடல் ஓட்டையா, அடைப்பு எந்த இடத்தில், சீழ்க்கட்டி எவ்வளவு பெரிது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். சீழ்க்கட்டி சுமார் 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஸ்கேன் பார்த்தபடியே ஊசிக்குழாய் வைத்து வடிப்பார்கள். அதற்குக் குறைவானது பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கிலேயே அடங்கும். இப்படிப்பட்ட நாளில் கதிர்வீச்சுக் கணக்கு பார்க்கவே கூடாது. முழு அடைப்பு என்று சந்தேகம் இருந்தால் வாய்வழியாக லிட்டர் கணக்கில் திரவம் குடிக்க வைக்கவும் கூடாது. குடலுக்குள் தேங்கி நிற்கும் நீரே படத்துக்குப் போதும், மேலே ஊற்றினால் வாந்தியாகத்தான் வரும்.

ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதை அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். குடல் ஓட்டையானால் வயிறு பலகைபோல் இறுக வேண்டும், காய்ச்சல் ஏற வேண்டும். ஸ்டீராய்டு இரண்டையும் மழுப்பிவிடும். கை வைத்துப் பார்த்து 'வயிறு மெத்தென்றுதான் இருக்கிறது' என்று திருப்பி அனுப்பிவிட வாய்ப்புண்டு.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். மண், காற்று, உணவு, வானம் என்று இயற்கையிலிருந்தே ஒருவர் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வாங்குகிறார். வயிற்று சி.டி. ஒன்றுக்கு ஏறக்குறைய 8 முதல் 10, அதாவது மூன்று நான்கு வருஷத்துப் பங்கு ஒரே நாளில். மூன்று சி.டி.க்குச் சுமார் 25 முதல் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால் நாளைக்கே ஏதோ ஆகிவிடாது. ஆனால் இந்த நோய் தம்பியோடு இன்னும் பல பத்தாண்டுகள் இருக்கப் போகிறது. வருஷத்துக்கு ஒன்று என்று போனால் கூட்டுத்தொகை எங்கே போய் நிற்கும் என்பதுதான் கவலை. எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் இரண்டிலும் இந்தக் கதிர்வீச்சு அறவே கிடையாது.

பழைய மூன்று ரிப்போர்ட்களையும் எடுத்து, எத்தனை 'ஃபேஸ்' என்று பாருங்கள். கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஒரு தடவை, போட்டபின் இரண்டு மூன்று தடவை என்று முழு வயிற்றையும் திரும்பத் திரும்பப் படம் பிடிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கதிர்வீச்சுக் கூடும். ரத்தக்கசிவைத் தேடுவது போன்ற தனிக் காரணம் இல்லாவிட்டால் குரோன்ஸ் குடலைப் பார்க்கக் கான்ட்ராஸ்ட் போட்டபின் ஒரே ஒரு ஃபேஸ் போதும். அடுத்த முறை சி.டி. எடுக்க நேர்ந்தால், 'சிங்கிள் ஃபேஸ்தானே?' என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

அல்ட்ராசவுண்ட் 'நார்மல்' என்ற ரிப்போர்ட்டையும் எடுத்து வரிவரியாகப் படியுங்கள். கல்லீரல், பித்தப்பை, கணையம், மண்ணீரல், இரண்டு சிறுநீரகம், சிறுநீர்ப்பை என்று பட்டியல் இருக்கும். குடலைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? பல ரிப்போர்ட்களில் 'வாயு அதிகம்' என்பதோடு குடல் கதை முடிந்துவிடும். பார்க்காத உறுப்பை நார்மல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. குடலுக்கென்று செய்யும் அல்ட்ராசவுண்டில் சாதாரண வயிற்று புரோபால் (தோலில் வைத்துத் தேய்க்கும் கருவி) ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தைராய்டு, ரத்தக்குழாய் பார்க்கப் பயன்படும் அதிக அதிர்வெண் புரோபை வலது அடிவயிற்றில் மெல்ல அழுத்தி, கடைச் சிறுகுடலைத் தேடிப் பிடித்து, அதன் சுவரை மில்லிமீட்டரில் அளப்பார்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சந்தேகம். டாப்ளரில் சுவருக்குள் ரத்த ஓட்டம் அதிகமாகத் தெரிந்தால் வீக்கம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். சுற்றியுள்ள கொழுப்பு தடித்து வெளுத்துத் தெரிவதும் கணக்கில் வரும். இதற்குக் குடலைச் சுத்தம் செய்யவோ எதையும் குடிக்கவோ வேண்டாம். நான்கு மணி நேரம் வெறும் வயிறாக இருந்தால் வாயு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் பல இடங்களில் குடல் மருத்துவரே வெளிநோயாளி அறையில் இதைச் செய்துவிடுகிறார். இங்கே கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் ஸ்கேன் கருவி, இடம், இயக்குபவர் எல்லாவற்றுக்கும் பதிவு வேண்டும். அதனால் வேலை பெரும்பாலும் ரேடியாலஜிஸ்டிடமே இருக்கிறது. குடல் பார்த்துப் பழகியவரைத் தேடிப் போக வேண்டும். கிடைத்தால், மருந்து வேலை செய்கிறதா என்று சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க இதைவிடச் சுலபமானது வேறில்லை. மேல் சிறுகுடலும் இடுப்புக்குள் ஆழத்தில் இருக்கும் மலக்குடலும் இதில் சரியாகப் பிடிபடாது, தொந்தி பெரிதாக இருந்தாலும் சிரமம். தம்பிக்கு நோய் இருப்பது கடைச் சிறுகுடலில், அல்ட்ராசவுண்டுக்கு வாகான இடம். ஆனாலும் குறுகலின் முழு நீளம், எத்தனை இடத்தில் என்பதற்கு இது மட்டும் போதாது.

ஸ்கேனுக்கு முன் மலத்தில் கால்ப்ரொடெக்டின், ரத்தத்தில் சி.ஆர்.பி. (இரண்டும் அழற்சி இருந்தால் கூடுபவை), ஹீமோகுளோபின், ஆல்புமின், கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள். கால்ப்ரொடெக்டின் ஒரு கிராம் மலத்துக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் இயல்பு. 250-க்கு மேல் என்றால் குடலில் அழற்சி நடக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். இடையில் வந்தால் இரண்டும் கெட்டான், சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டியதுதான். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரையும் சாதாரண வயிற்றுப்போக்குக் கிருமியும்கூட இந்த எண்ணை ஏற்றிவிடும். தம்பி விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. குறுகல் முழுக்கத் தழும்பாக இருந்தால் கால்ப்ரொடெக்டினும் சி.ஆர்.பி.யும் குறைவாகவே வரலாம். 'எண் நன்றாக இருக்கிறது, ஸ்கேன் வேண்டாம்' என்று அதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். சாப்பாட்டோடு தொடர்பில்லாத வலி, வாந்தி இல்லை, எடை குறையவில்லை என்று இருப்பவருக்குத்தான் அந்த வாதம் பொருந்தும்.

குரோன்ஸ்காரருக்கு வயிறு வலித்தால் எல்லாமே குரோன்ஸ் ஆகாது. கடைச் சிறுகுடல் கெட்டவர்களுக்குப் பித்தப்பைக் கல்லும் சிறுநீரகக் கல்லும் மற்றவர்களைவிட அதிகம். அந்த வகையில் உங்கள் ஊர் அல்ட்ராசவுண்ட் வீண் போகவில்லை. அசாத்தியோபிரின் தொடங்கிய முதல் சில வாரங்களில் கணைய அழற்சி வரலாம். தம்பி எப்போது தொடங்கினார் என்று எழுதவில்லை, புதிதாக ஆரம்பித்திருந்தால் ரத்தத்தில் லைப்பேஸ் பார்க்கச் சொல்லுங்கள்.

எம்.ஆர். என்டெரோகிராபி பெரும்பாலும் கெடுவது கருவியாலல்ல, குடிக்கும் ஒன்றரை லிட்டரில்தான். சுருங்கிக் கிடக்கும் குடல், நோய் இல்லாவிட்டாலும் படத்தில் சுவர் தடித்ததுபோல் தெரியும். உண்மையான குறுகல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் சிறுகுடலை ஒரே சீராக நிரப்பி விரிக்க வேண்டும். வெறும் தண்ணீர் குடித்தால் கடைச் சிறுகுடலை எட்டுமுன் பாதி வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நீரைப் பிடித்து வைக்க அதில் மேனிட்டால் சேர்ப்பது நம்மூர் வழக்கம். 20 சதவீத மேனிட்டால் 225 மில்லியை மொத்தம் ஒன்றரை லிட்டர் வரும்படி தண்ணீரில் கலந்தால் 3 சதவீதக் கரைசல் கிடைக்கும். அளவை ஸ்கேன் மையம்தான் முடிவு செய்யும், அவர்களே கலந்தும் தருவார்கள். வீட்டில் கலந்து எடுத்துப் போகாதீர்கள். லேசான இனிப்பு, கடைசி இரண்டு தம்ளர் திகட்டும்.

நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வெறும் வயிறு. ஸ்கேனுக்கு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்பு குடிக்கத் தொடங்கி, பத்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு தம்ளராக, கடைசித் தம்ளரை மேஜையில் ஏறும் முன் குடிக்க வேண்டும். மடமடவென்று பதினைந்து நிமிடத்தில் குடித்துவிட்டுக் காத்திருந்தால் மேல் குடல் காலியாகிவிடும். ரொம்ப மெதுவாகக் குடித்தால் கீழ்க்குடல் நிறையாது. நடுநடுவே கொஞ்சம் நடக்கலாம், வலப்பக்கம் சாய்ந்து படுக்கலாம். தம்பிக்குக் குறுகல் சந்தேகம் இருப்பதால், அதை மையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முறுக்கு வலியோ குமட்டலோ வந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும், முழு அளவையும் குடித்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஸ்கேன் முடிந்தபின் சில மணி நேரம் வயிறு போகும். பேருந்தில் இரண்டு மணி நேரப் பயணம் என்றால் உடனே கிளம்பாதீர்கள்.

குடல் அசைந்துகொண்டே இருந்தால் படம் கலங்கும். அதை நிறுத்த, மேஜையில் வைத்து ஹையோசின் ஊசி 20 மில்லிகிராம் போடுவது வழக்கம். கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் வாய் உலரும், பார்வை மங்கும், அதனால் தம்பி பைக்கை ஓட்டிக்கொண்டு தனியாகப் போக வேண்டாம். மேஜையில் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம், சில இடங்களில் குப்புறப் படுக்க வைப்பார்கள். அதில் பலமுறை 'மூச்சை அடக்குங்க' என்பார்கள், ஒவ்வொன்றும் 15 முதல் 20 விநாடி. முதல் நாள் வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துப் பழகிப் போனால் படம் தெளிவாக வரும். அரைஞாண் கொடியையும் தாயத்தையும் கழற்றச் சொல்லுங்கள். சரியாகப் படம் பிடிக்கும் இடத்தில் கிடக்கும் உலோகம் அது, தாயத்துக்குள் இருக்கும் தகடு எந்த உலோகம் என்றும் யாருக்கும் தெரியாது. 'சாமி கயிறு, கழற்ற மாட்டேன்' என்று அங்கே போய் வாக்குவாதம் வேண்டாம். கேமரா மாத்திரை எப்போதாவது விழுங்கி அது வெளியேறியது உறுதியாகாமல் இருந்தால் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகவே கூடாது. குறுகல் இல்லை என்று தெரியும்வரை கேமரா மாத்திரை தம்பிக்கு வேண்டவும் வேண்டாம், உள்ளே சிக்கிக்கொண்டால் எடுக்க ஆபரேஷன் வரை போகலாம்.

பதிவு செய்யும்போது 'எம்.ஆர்.ஐ. வயிறு' என்று பில் போட்டால் நிறுத்திக் கேளுங்கள். எதுவும் குடிக்காமல் எடுக்கும் சாதாரண வயிற்று எம்.ஆர்.ஐ. கல்லீரலுக்கு நல்லது, இந்தக் கேள்விக்கு உதவாது. ஆசனவாய்ப் பக்கம் சீழோ கசிவோ இருந்தால் பவுத்திரத்துக்கான இடுப்பு எம்.ஆர்.ஐ. தனியாக எழுதி வாங்க வேண்டும். என்டெரோகிராபியில் அந்தப் பகுதி சரியாக வராது.

இதையெல்லாம் வழக்கமாகச் செய்யும் மையம் எட்டும் தூரத்தில் இல்லையா? அப்படியானால் சி.டி. என்டெரோகிராபி எடுங்கள். அதே ஒன்றரை லிட்டர், நரம்பில் கான்ட்ராஸ்ட், ஒரே ஃபேஸ். அழற்சியையும் குறுகலையும் காட்டுவதில் அது எம்.ஆருக்குச் சளைத்ததல்ல, மூச்சடக்கல் தொல்லையும் குறைவு. அரைகுறையாகக் குடித்து, அசைந்து கலங்கிய எம்.ஆரைவிட ஒழுங்காக எடுத்த சி.டி. நூறு மடங்கு மேல். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தனியாரைவிடச் செலவு மிகக் குறைவு, என்டெரோகிராபி செய்கிறார்களா என்று கேட்டு நாள் வாங்குங்கள். 'பேரியம் குடித்து எக்ஸ்ரே' என்று யாராவது சொன்னால், வேறு வழியே இல்லாதபோது பார்க்கலாம். அது குடலின் உள்வழியைக் காட்டும், சுவரையும் அதற்கு வெளியே உள்ள சீழையும் காட்டாது. பேரியம் உள்ளே தங்கியிருக்கும்போது சி.டி. எடுத்தால் படம் கோடு கோடாகக் கெட்டுவிடும்.

ரிப்போர்ட் வந்ததும் 'குறுகல் உள்ளது' என்பதோடு திருப்திப்படாதீர்கள். நீளம் எத்தனை சென்டிமீட்டர், எத்தனை இடம், சுவர்த் தடிமன் எத்தனை மில்லிமீட்டர், அதற்கு முன்னுள்ள குடல் 3 சென்டிமீட்டருக்கு மேல் ஊதியிருக்கிறதா, சுவரில் நீர்கோத்த வீக்கம் உண்டா, பக்கத்துக் குடலுக்கோ சிறுநீர்ப்பைக்கோ புரை ஓடியிருக்கிறதா, இத்தனையும் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் டாக்டர் மூலம் ரேடியாலஜிஸ்டிடம் கேட்டு வாங்கலாம். வீக்கம் மேலோங்கினால் மருந்தை மாற்றுவது, கூட்டுவது. சுமார் 5 சென்டிமீட்டருக்குள் நேரான தழும்புக் குறுகல் என்றால் கொலோனோஸ்கோப்பி வழியாக பலூன் வைத்து விரிப்பது. நீளமாக, முன்குடல் ஊதி, புரையும் ஓடியிருந்தால் அறுவை சிகிச்சை நிபுணரோடு பேச வேண்டி வரும். வீக்கமும் தழும்பும் பெரும்பாலும் ஒரே இடத்தில் கலந்தே இருக்கும். எம்.ஆர். எந்தப் பக்கம் கூடுதல் என்று குறிப்புத் தரும், அறுதியிட்டுச் சொல்லாது.

நம் நாட்டில் இன்னொன்றையும் விடக் கூடாது. கடைச் சிறுகுடலில் வரும் காசநோய், குரோன்ஸைப் போலவே வேஷம் போடும். முதல் கொலோனோஸ்கோப்பியில் எடுத்த சதையில் காசநோய்க்கான பரிசோதனைகள் செய்தார்களா என்று பழைய ரிப்போர்ட்டில் பாருங்கள். ஸ்கேனில் நடுவில் அழுகிய பெரிய நெறிக்கட்டிகள், வயிற்றில் நீர் என்று இருந்தால் காசநோய்ப் பக்கம் சாயும். இடைவெளி விட்டுப் பல இடங்களில் நோய், குடலைச் சுற்றிக் கொழுப்புப் படர்வது, ரத்தக் குழாய்கள் சீப்புப் பல்போல் வரிசையாகப் புடைத்திருப்பது குரோன்ஸ் பக்கம். அடுத்த கட்டமாக இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற, நோய் எதிர்ப்பை அடக்கும் ஊசிக்குப் போவதானால் மார்பு எக்ஸ்ரேயும் மறைந்திருக்கும் காசநோய்க்கான பரிசோதனையும் கட்டாயம். உள்ளே தூங்கும் கிருமியை அந்த ஊசி எழுப்பிவிடும்.

டாக்டர் தரும் சீட்டில் வெறும் 'வயிற்று வலி' என்று இருந்தால் ரேடியாலஜிஸ்ட் எதைத் தேடுவார்? சீட்டு ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதன் பொருள் இப்படி வர வேண்டும்: 'வயது 24, மூன்று ஆண்டாகக் கடைச் சிறுகுடல் குரோன்ஸ், அசாத்தியோபிரின் எடுக்கிறார், சாப்பிட்டபின் முறுக்கு வலி, இரண்டு முறை வாந்தி. குறுகல், அதன் நீளம், அழற்சியா தழும்பா, புரை, சீழ், நெறிக்கட்டி பார்க்கவும். முந்தைய சி.டி.யோடு ஒப்பிடவும்.' ஒப்பிடுவதற்கு ரிப்போர்ட் தாள் போதாது, மூன்று சி.டி.க்கும் கொடுத்த டிஸ்க்குகளைக் கையோடு கொண்டு போங்கள். ஃபிலிம் மட்டும் தந்திருந்தால் அந்த மையங்களில் டிஸ்க் கேட்டுப் பாருங்கள்.

ஸ்கேன் நாள் வரை தம்பிக்குக் குழைய வேக வைத்த சாதம், இட்லி, இடியாப்பம், தோல் நீக்கிய காய் கொடுங்கள். கீரைத்தண்டு, வாழைத்தண்டு, கொய்யா, சோளக்கதிர், வேர்க்கடலை வேண்டாம். ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் ஐந்தாறு தடவையாகப் பிரித்துக்கொள்ளட்டும். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். மருந்துக்கடையில் தரும் டைக்ளோபினாக், ஐப்யூபுரூஃபன் கூடாது.